ஏழு வருஷம், இரண்டு கிளெய்ம்: என் கார் பாலிசியைப் பற்றி

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்ததும் உடைந்து தொங்கிக்கொண்டிருந்த பம்பர் பக்கம் போகவே இல்லை. முதலில் காரின் பின்பக்க மூலையில் குந்தி உட்கார்ந்து, அங்கே இருந்த ஒரு கீறலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பி என்னிடம் காட்டினார், நுனி கறுப்பாக இருந்தது. "இது பழசு சார், உள்ள தூசி படிஞ்சு இறுகிப் போயிருக்கு, இந்த கிளெய்ம்ல வராது" என்றார். அவர் சொன்னது சரிதான், அந்தக் கீறல் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்புறம்தான் எழுந்து முன்பக்கம் வந்து, ஒவ்வொரு பாகமாகப் படம் எடுத்து, "இது பிளாஸ்டிக், இது மெட்டல், இது ரிப்பேர் பண்ணிரலாம், இது மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார். பிளாஸ்டிக் என்றும் மெட்டல் என்றும் ஏன் பிரித்து எழுதுகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது.

கார் வாங்கி அது நான்காவது வருஷம். நான்கு வருஷமும் பிரீமியத்தைத் தவறாமல் கட்டியிருந்தேன், ரசீதை எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருந்தேன், ஆனால் பாலிசியை ஒரு தடவைகூடத் திறந்து படித்ததில்லை. இப்போது ஏழாவது வருஷம் முடியப் போகிறது. அதே கார், அதே கம்பெனி, அதே காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, நடுவில் இரண்டு கிளெய்ம். இந்த வருஷ ரினியூவலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை வரிவரியாகப் படித்தேன், அதனால் எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, பெரும்பாலான கம்பெனிகளின் அடிப்படை ஷரத்துகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். நான் விமர்சிக்க வந்தது காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்ற சரக்கை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டிய பொருள்தான், நானும் தொடர்ந்து வாங்குவேன். ஆனால் இதில் எந்தப் பகுதியை எல்லோரும் சும்மா சட்டத்துக்காகக் கட்டுகிறோம் என்று நினைக்கிறோமோ அதுதான் உண்மையில் விலைமதிப்புள்ள பகுதி. எதை நம்பி நிம்மதியாக இருக்கிறோமோ அங்கேதான் நம் பாக்கெட்டிலிருந்து பணம் போகிறது.

முதல் குறை, அதை விற்கும்போது சொல்லும் வார்த்தை. "ஃபுல் கவர் சார், கவலையே படாதீங்க" என்றுதான் என்னிடம் ஏஜென்ட் சொன்னார். பாலிசியில் எங்கே தேடினாலும் ஃபுல் கவர் என்று ஒரு வார்த்தை கிடையாது. காம்ப்ரிஹென்சிவ் என்றுதான் இருக்கும், அந்த வார்த்தைக்கே நாட்டுக்கு நாடு அர்த்தம் வேறு. இந்தியாவில் காம்ப்ரிஹென்சிவ் என்றால் மோதல், தீ, திருட்டு, வெள்ளம் எல்லாம் அடக்கம், கூடவே தேர்ட் பார்ட்டியும் உண்டு. அமெரிக்காவில் அதே சொல்லை நம்பி வாங்கினால், நீங்கள் எதன் மேலாவது மோதி உங்கள் கார் நசுங்கினால் அதற்குப் பணம் வராது, அதற்கு கொலிஷன் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். அங்கே காம்ப்ரிஹென்சிவ் என்பது மோதல் தவிர்த்த மற்றவைக்கு மட்டும், அதாவது திருட்டு, தீ, ஆலங்கட்டி மழை, வெள்ளம், மரம் விழுவது, குறுக்கே மான் வந்து அடிபடுவது மாதிரி. மலேசியாவில் காம்ப்ரிஹென்சிவ் வாங்கினாலும் வெள்ளம் அதில் தானாக வராது, ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் கவரைக் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். நம் ஆட்கள் வேலைக்காக நாடு விட்டு நாடு போகிறவர்கள், ஒரு நாட்டில் பழகிய வார்த்தையை அடுத்த நாட்டில் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சரி, தேர்ட் பார்ட்டிக்கு வருகிறேன். முதல் பார்ட்டி நீங்கள், இரண்டாவது பார்ட்டி கம்பெனி, ரோட்டில் போகிற மற்ற எல்லோரும் மூன்றாவது பார்ட்டி. உங்கள் காரால் அவர்களுக்கு அடிபட்டாலோ, உயிர் போனாலோ, அவர்களுடைய வண்டியோ சுவரோ கடையோ சேதமானாலோ, சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும், வழக்கையும் அதுவே நடத்தும். உங்கள் காருக்கு இதிலிருந்து ஒரு பைசா வராது. அதனால்தான் "நமக்கு என்ன பிரயோஜனம்" என்று பலரும் இதை ஒரு வரி மாதிரி நினைக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்கள் கார் சுக்குநூறாகப் போனாலும் நஷ்டம் அந்தக் காரின் விலையோடு நின்றுவிடும். சம்பாதிக்கிற வயதில் ஒருவருக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டு, அவருடைய மிச்ச வாழ்நாள் சம்பாத்தியத்தையும் வைத்தியச் செலவையும் கணக்குப் போட்டுக் கோர்ட் ஒரு தொகை சொன்னால், அதற்கு மேல்வரம்பு உங்கள் கார் இல்லை, உங்கள் வீடு.

உலகத்தில் முதலில் கட்டாயமானதும் இந்தப் பகுதிதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1927-ல், பிரிட்டனில் 1930-ஆம் வருஷச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில். இந்தியாவில் இப்போது 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் பொதுச்சாலையில் வண்டியை எடுக்கவே கூடாது. விதிவிலக்குகளும் உண்டு. அமெரிக்காவிலேயே நியூ ஹாம்ப்ஷயரில் பொதுவாக இது கட்டாயமில்லை. நியூசிலாந்திலும் கட்டாயமில்லை, ஏனென்றால் அங்கே விபத்தில் அடிபட்டவர்களுக்கு 1974 முதல் அரசுத் திட்டமே பணம் கொடுக்கிறது, தப்பு யார் பேரில் என்ற கேள்வியே கிடையாது.

கட்டாயம் என்பதால் போதுமானது என்று அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் பாலிசியில் 25/50/25 என்று மூன்று எண்களைப் பார்க்கலாம். ஒரு ஆளுக்குக் காயத்துக்கு அதிகபட்சம் 25,000 டாலர், அந்த ஒரு விபத்தில் எத்தனை பேர் அடிபட்டாலும் எல்லோருக்கும் சேர்த்து 50,000, பொருள் சேதத்துக்கு 25,000. அதற்கு மேல் போனால் மிச்சம் உங்கள் தலையில். கலிபோர்னியாவில் சட்டம் கேட்ட குறைந்தபட்சம் 2024 கடைசி வரைக்கும் 15/30/5 ஆகத்தான் இருந்தது, 2025 ஜனவரியில்தான் 30/60/15 ஆக ஏற்றினார்கள். 5,000 டாலர் என்றால் ஒரு நல்ல காரின் முன்பக்கத்தைச் சரிசெய்யவே போதாது. பிரீமியத்தைக் குறைக்க வேண்டும் என்றால் வேறு எதையாவது குறையுங்கள், இந்த வரம்பைத் தொடாதீர்கள்.

இதில் நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு விஷயம் உண்டு. என் அத்தை மகனின் கார் ஒரு டூவீலர் மேல் மோதி, ஓட்டி வந்தவருக்குக் கால் முறிந்தது. பாலிசி உயிரோடு இருந்தது, பிரீமியம் ஒருநாள்கூடத் தாமதம் இல்லை. ஆனால் இவனுடைய டிரைவிங் லைசன்ஸ் அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே காலாவதி ஆகியிருந்தது, அவன் கவனிக்கவே இல்லை. அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டது, அது சரியும்கூட, ஏனென்றால் காயப்பட்டவர் மேல் தப்பு இல்லை. கொடுத்த பிறகு அந்தத் தொகையை இவனிடம் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வந்தது. தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறான். கொடுத்து வசூலிப்பது என்ற இந்த நடைமுறை இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இனி என் முதல் கிளெய்ம். இரவில் குறுக்கே ஓடிய நாய்க்காக ஸ்டீயரிங்கை ஒடித்து மீடியனில் ஏற்றிவிட்டேன். முன் பம்பர், கிரில், ஒரு ஹெட்லைட், சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபென்டர். வொர்க்‌ஷாப் பில்லை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் புரிய அதுதான் வசதி. அதில் பிளாஸ்டிக் பாகங்கள் 44, ஃபென்டர் 16, பெயின்ட் வேலை 16, கூலி 20, கிளிப், போல்ட், கூலன்ட் மாதிரிச் சில்லறைச் சாமான்கள் 4. இன்சூரன்ஸ் இருக்கிறது, 100-ம் வரும் என்று நினைத்தேன். வந்தது 63.

எப்படி என்று கேட்டால், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாலிசியில் பாதிதான், கார் எத்தனை வருஷம் ஓடியது என்று பார்ப்பதே இல்லை, அங்கேயே 22 போயிற்று. இரும்பு பாகத்துக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு, நான்காவது வருஷத்தில் இருந்ததால் 25 சதவீதம், ஆக 4. பெயின்டில் கூலிக்குக் கழிவு இல்லை, பெயின்ட் பொருளுக்கு மட்டும் உண்டு, அதில் 2. கிளிப், போல்ட் 4-ம் கன்ஸ்யூமபிள்ஸ் என்று மொத்தமாக வெட்டு. கடைசியாக டிடக்டிபிள், அதாவது நான் போட வேண்டிய பங்கு, 5. எல்லாம் சேர்த்து 37 என் கையிலிருந்து. சர்வேயர் ஏன் பிளாஸ்டிக், மெட்டல் என்று பிரித்து எழுதினார் என்பது செட்டில்மென்ட் தாளைப் பார்த்த அன்றைக்குத்தான் விளங்கியது.

கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் பின்னால் யோசித்தபோது அந்தக் கழிவின் நியாயம் புரிந்தது. இன்சூரன்ஸின் அடிப்படை விதியே, விபத்துக்கு முந்தைய நிமிஷம் நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்களோ அங்கே கொண்டுபோய் விடுவது, அதைவிட மேலே ஏற்றிவிடுவது கிடையாது. நான்கு வருஷம் வெயிலில் காய்ந்த பம்பர் போய்ப் புத்தம்புது பம்பர் வந்தால், நான் முன்பு இருந்ததைவிட மேலான நிலையில் இருக்கிறேன் அல்லவா, அந்த வித்தியாசத்தைத்தான் தேய்மானம் என்று கழிக்கிறார்கள். வேறு சில நாடுகளில் இதையே பெட்டர்மென்ட் என்பார்கள், அங்கே டயர், பேட்டரி மாதிரித் தேய்கிற சாமான்களுக்குத்தான் பெரும்பாலும் கழிப்பார்கள். விதியில் நியாயம் இருக்கிறது. இதை விற்கும்போது ஒரே ஒரு வரியில் சொல்லாததுதான் தப்பு.

டிடக்டிபிள் என்பது ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நீங்கள் போட வேண்டிய பங்கு. பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா பக்கம் அதையே எக்ஸஸ் என்பார்கள். கட்டாயப் பங்கு ஒன்று உண்டு, பிரீமியத்தைக் குறைக்க நாமாக ஏற்றிக்கொள்ளும் பங்கு இன்னொன்று. கையில் கொஞ்சம் சேமிப்பு இருப்பவர்கள், சின்னச் சின்ன டென்டுக்கெல்லாம் கிளெய்ம் போடாதவர்கள், இந்த இரண்டாவதைத் தாராளமாக எடுக்கலாம். சேமிப்பு இல்லாதவர்கள் தள்ளுபடியைப் பார்த்து எடுத்துவிட்டு, விபத்தன்று அந்தத் தொகைக்கு அலைய வேண்டியிருக்கும்.

அப்புறம் நோ கிளெய்ம் போனஸ். இதைத்தான் ரொம்பப் பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் வருஷா வருஷம் தள்ளுபடி ஏறும். இந்தியாவில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக. சிங்கப்பூரில் 10-லிருந்து பத்துப் பத்தாக 50 வரை, மலேசியாவில் 25, 30, 38.33, 45, 55, அங்கெல்லாம் பெயர் என்சிடி, அதாவது நோ கிளெய்ம் டிஸ்கவுன்ட். இந்தியாவில் இது சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்குக் கிடையாது. போனஸ் உங்களுக்குச் சொந்தம், காருக்கு இல்லை, பழைய காரை விற்றுப் புதுக் கார் வாங்கினால் கூடவே கொண்டுபோகலாம். இதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர், ஷோரூமில் அவர்களாக ஞாபகப்படுத்துவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது ஒரு கணக்கு, உட்கார்ந்து நானே போட்டது. போனஸ் இல்லாத சொந்தச் சேத பிரீமியம் 100 என்று வைப்போம். 50 சதவீதத்தின் உச்சியில் இருப்பவர் 50 கட்டுகிறார். அவர் ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் 100, அதற்கடுத்து 80, 75, 65, 55, ஆறாவது வருஷம்தான் பழையபடி 50. வழக்கமாகக் கட்டியிருக்கும் ஐம்பது ஐம்பதோடு ஒப்பிட்டால் கூடுதலாகப் போவது 50, 30, 25, 15, 5, மொத்தம் 125. அதாவது ஒரு வருஷ முழு பிரீமியத்தையும் தாண்டிய தொகை. தேய்மானமும் டிடக்டிபிளும் போகக் கையில் வரும் தொகை அந்த 125-ஐ விடக் குறைவு என்றால் அந்த கிளெய்மைப் போடவே வேண்டாம். கார் பழசாக ஆகப் பிரீமியமும் இறங்கும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் வித்தியாசப்படும், ஆனாலும் ஒரு ஹெட்லைட்டுக்காக ஓடுவதற்கு முன் இதைப் போட்டுப் பார்க்கலாம். என் முதல் கிளெய்ம் பெரியது, அதனால் போட்டது சரி. அதே வருஷம் நண்பர் ஒருவர் பின் பம்பரில் விழுந்த ஒரு குழிக்காகப் போட்டு, நான்கு வருஷப் போனஸைத் தொலைத்தார்.

இரண்டாவது கிளெய்ம் அடுத்த வருஷமே வந்தது, இந்த விமர்சனத்தில் நான் கம்பெனியை மனதாரப் பாராட்டும் இடமும் அதுதான். ராத்திரி முழுக்க மழை, காலையில் பார்த்தால் தரைக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கில் சீட்டின் அடிப்பாகம் தொடும் அளவுக்குத் தண்ணீர். பக்கத்தில் நிறுத்தியிருந்த அண்ணன் காருக்கும் அதே நிலைமை. தண்ணீர் வடிந்ததும் அவர் எப்படியாவது மேலே ஏற்றிவிடலாம் என்று சாவியைத் திருப்பினார். ஒரு தடவை உறுமியது, இரண்டாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு நின்றது. நான் முதல் கிளெய்மில் பட்ட பாட்டால் அதற்குள் ஹெல்ப்லைனுக்கு அழைத்துவிட்டேன், அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தையே "சாவியைத் தொடாதீங்க சார்" என்பதுதான்.

காரணம் எளிது. என்ஜின் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும், அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தால் கார்பெட்டும் வயரிங்கும் கெட்டது வெள்ளச் சேதம், அது பாலிசியில் உண்டு. ராடு வளைந்தது வெள்ளத்தால் அல்ல, வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால், அது பின்விளைவு நஷ்டம், அதற்குக் கிடையாது என்பது கம்பெனிகளின் வாதம். இந்த இடைவெளியை அடைக்கத்தான் என்ஜின் புரொடெக்ட் என்று ஒரு ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர், விற்கிறார்கள். அண்ணன் அதை வாங்கியிருக்கவில்லை, என்ஜின் வேலை முழுக்க அவர் செலவு.

என் காரை இழுத்துக்கொண்டு போனார்கள். வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஏர் ஃபில்டர் மூடியின் கிளிப்புகளைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தக் காகிதத்தை வெளியே எடுத்து என் கையிலேயே கொடுத்தார். கொஞ்சம் தூசி, ஓர் உலர்ந்த இலை, மற்றபடி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. "தப்பிச்சீங்க" என்றார். கார்பெட், சீட்டின் ஸ்பாஞ்ச், வயரிங், ஒரு கன்ட்ரோல் யூனிட் இவ்வளவுதான் போயிருந்தது. முதல் கிளெய்ம் பட்ட சூட்டில் ஜீரோ டெப் என்ற ஆட்-ஆனை வாங்கியிருந்தேன், அதாவது பாகங்களில் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். டிடக்டிபிளும் சில்லறைச் சாமான்களும் தவிர எல்லாம் வந்தது. வயரிங்கை முழுசாக மாற்றணுமா, பகுதியைச் சரிசெய்தால் போதுமா என்று சர்வேயருக்கும் வொர்க்‌ஷாப்புக்கும் நடந்த இழுபறியில் 26 நாள் ஆனது, அது மட்டும் குறை. வொர்க்‌ஷாப் மேனேஜரிடம் எழுத்தில் ஒரு காரணம் வாங்கி நானே அனுப்பிய பிறகுதான் நகர்ந்தது. வாயால் பேசியது எதுவும் அங்கே நிற்காது, மெயில் அனுப்புங்கள்.

ஜீரோ டெப் பற்றி என் கருத்து: புதுக் காருக்கு முதல் ஐந்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், இன்றைய கார்களில் வெளியே தெரிவதில் பாதி பிளாஸ்டிக்தான். ஆனால் வருஷத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று வரம்பு இருக்கும், காருக்கு வயதானால் தரமாட்டார்கள். எனக்கு இந்த வருஷம் தரவில்லை. ரோட்சைடு உதவி காரோடு வேறு வழியில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சாவி தொலைந்தால், உள்ளே வைத்த பொருள் திருடு போனால் என்பதெல்லாம் எனக்கு அவசியமாகப் படவில்லை.

காரே மொத்தமாகப் போனால் எவ்வளவு வரும் என்பதை, பாலிசியின் விவரத் தாளான ஷெட்யூலில் ஒரு எண் சொல்லும். இந்தியாவில் அதற்கு ஐடிவி என்று பெயர், வருஷா வருஷம் இறங்கும், ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று முடிவுகட்டி அந்தத் தொகையைத் தருவார்கள். சில நாடுகளில் மார்க்கெட் வேல்யூ, அதாவது விபத்தன்று சந்தையில் அந்தக் கார் என்ன விலை போகுமோ அது. வேறு சில பாலிசிகளில் அக்ரீட் வேல்யூ, முன்பே பேசி வைத்த தொகை. மற்ற கம்பெனியைவிட பிரீமியம் குறைவாக வருகிறது என்றால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் இதைத்தான் சத்தமில்லாமல் குறைத்திருப்பார்கள். கடனில் வாங்கிய கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கார் திருடு போய், கம்பெனி தரும் தொகை பேங்க் பாக்கியைவிடக் குறைவாக இருந்தால், இல்லாத காருக்கு நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த வித்தியாசத்துக்கு கேப் கவர் என்றும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்றும் தனி ஆட்-ஆன்கள் உண்டு, கடன் அதிகம் இருக்கும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்கு நல்லது.

எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கம் எல்லாப் பாலிசியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குடித்துவிட்டு ஓட்டுவது, செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாதது, சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டுவது, ரேஸ், தானாகத் தேய்ந்து கெட்டுப்போவது, போர். வாடகை விஷயம் மட்டும் ஒரு வார்த்தை: ஓய்வு நேரத்தில் ஆப்பில் சேர்த்து நாலு சவாரி ஓட்டுகிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சவாரி ஓடிய நேரத்தில் விபத்து நடந்தால் கம்பெனி கையை விரிக்கக் காரணம் கிடைத்துவிடும். அதே மாதிரி காரில் கேஸ் கிட் போட்டாலோ பெரிதாக எதையாவது மாற்றினாலோ எழுத்தில் சொல்லி, அதைப் பாலிசியில் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் வாங்கிவிடுங்கள். மகன் தினமும் ஓட்டும் காரை அப்பா ஓட்டுவதாக எழுதிப் பிரீமியத்தைக் குறைப்பது பிரிட்டனில் மோசடியாகவே கருதப்படுகிறது. ஒப்பந்தமே நீங்கள் சொன்னது உண்மை என்ற நம்பிக்கையில் நிற்கிறது, அங்கே ஓட்டை விழுந்தால் வருஷக்கணக்காகக் கட்டிய பணமும் உதவாது.

சேவையைப் பற்றி: ஆப் நன்றாக இருக்கிறது, படம் எடுத்து அனுப்பி கிளெய்ம் பதிய பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கேஷ்லெஸ், அதாவது பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டுவது, கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள வொர்க்‌ஷாப்பில் மட்டும், அதிலும் உங்கள் பங்கைக் கட்டினால்தான் சாவி கையில் வரும். பாலிசியின் மொழிதான் மகா கொடுமை, முதல் பக்கத்தில் தருவதாகச் சொன்னதைப் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கும் ஒரு வரையறை எடுத்துக்கொள்கிறது. இதைத் தமிழிலோ, குறைந்தது எளிய ஆங்கிலத்திலோ இரண்டு பக்கத்தில் எழுதித் தர ஒரு கம்பெனிக்கு மனம் வந்தால் நான் அடுத்த வருஷமே அங்கே போய்விடுவேன். ஐந்துக்கு மூன்றரை தருகிறேன், அந்தக் குறைந்த ஒன்றரையும் இதற்காகத்தான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள், இன்னும் சொந்தச் சேதப் பகுதி வேண்டுமா என்று. காரின் இன்றைய மதிப்பையும் அந்தப் பகுதியின் பிரீமியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மொத்தமாகப் போனாலும் சமாளித்துவிடுவேன் என்று தோன்றினால் தேர்ட் பார்ட்டி மட்டும் போதும், வேண்டுமானால் தீ, திருட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை, ஒரே காரில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

இந்தத் தடவை ரினியூவலுக்கு அழைத்த பையனிடம் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்கவில்லை. "தம்பி, பம்பர் உடைஞ்சா நூத்துக்கு எனக்கு எவ்வளவு வரும், கார் மொத்தமா போனா எவ்வளவு வரும், என் காரால இன்னொருத்தருக்கு ஏதாவது ஆனா எது வரைக்கும் நீங்க கொடுப்பீங்க" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, அப்புறம் ஷெட்யூலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார், பொறுமையாகவே. என்ஜின் புரொடெக்டைச் சேர்த்துக்கொண்டேன், 25 சதவீதப் போனஸ் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வந்த ஷெட்யூலை அச்செடுத்து டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன், ஹெல்ப்லைன் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குக் கீழே பேனாவில் என் லைசன்ஸ் காலாவதி ஆகும் தேதி. அத்தை மகனுக்கும் போன் போட்டு, அவன் காரில் உள்ள தாளிலும் எழுத வைத்தேன்.